இடிபடுவதற்கு முன் ஒரு மால்: கிளீவ்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை

2023 அக்டோபர் 11, புதன்: யூக்ளிட்

நகரமைப்புப் படித்தவர்களுக்கு யூக்ளிட் என்றால் வடிவியலுக்கு முன்பாக ஒரு வழக்குதான் நினைவுக்கு வரும். வீடுகள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம், ஆலைகள் ஒரு பக்கம் என்று நிலத்தைப் பிரித்து ஒதுக்கும் அதிகாரம் ஓர் ஊராட்சிக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது, கிளீவ்லாந்துக்குக் கிழக்கே ஈரி ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர் தொடர்பான வழக்கில்தான். கோவையில் மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்த நான், கொலம்பஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்ததும் நயாகராவை ஒத்திவைத்துவிட்டு இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அக்கா, அங்கே பார்க்க ஒன்றுமே இல்லையே" என்றான் அவன். பிட்ஸ்பர்க் அருகே பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் செஞ்சுரி த்ரீ என்ற பெரிய மாலை இடித்துவிடப் போகிறார்கள் என்று செய்திகளில் படித்திருந்தேன். அதற்கு முன் அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும், போகும் வழியில் அதன் காலத்துக் கூட்டாளிகள் இருந்த இடங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது என் திட்டம். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

யூக்ளிட் ஸ்கொயர் மால் 1977இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நிலத்தில் பித்தளை, செம்பு வார்க்கும் ஆலை ஒன்று இருந்தது. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியான பிறகு, வாடகை மலிந்து போன கூடங்களைச் சின்னச் சின்னத் திருச்சபைகள் எடுத்துக்கொண்டன. ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சபைகள் அங்கே ஞாயிறு வழிபாடு நடத்தின. துணிக்கடையின் கண்ணாடிக் காட்சிப்பெட்டிக்குப் பின்னால் பிரசங்க மேடை இருந்த நிலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. மாலை இடித்துவிட்டு அமேசான் கட்டிய கிடங்கு 2019 முதல் இயங்குகிறது. ஜன்னலே இல்லாத நீண்ட சாம்பல்நிறச் சுவர், அதன் அடியில் வரிசையாக லாரிக் கதவுகள். ஏரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்ததால் நடக்க முடியவில்லை.

மதியம் ஒரு சிறிய உணவகத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியரோகி சாப்பிட்டோம். போலந்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் அது. ஆறு பியரோகி பதினொரு டாலர். வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தை மேலே அள்ளிப் போட்டிருந்தார்கள். பரிமாறிய மூதாட்டி, கோப்பையில் காபி பாதி குறைந்ததுமே கேட்காமல் வந்து நிரப்பிவிட்டுப் போனார். காபிக்கு விலை ஒரு முறைதான் போட்டிருந்தார்.

2023 அக்டோபர் 12, வியாழன்: நார்த் ராண்டல், அக்ரன்

நார்த் ராண்டல் ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்புள்ள கிராமம். குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன அந்த இடத்தில், பழைய பந்தயத் திடல் ஒன்றின் மீது 1976 ஆகஸ்டில் ராண்டல் பார்க் மால் திறந்தபோது அதை உலகிலேயே பெரிய மால் என்று விளம்பரப்படுத்தினார்கள். இருபத்திரண்டு லட்சம் சதுர அடி, ஐந்து பெரிய பல்பொருள் அங்காடிகள், ஊர் மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான வேலைகள். ஒஹாயோவில் ஓர் ஊராட்சி, தன் எல்லைக்குள் வேலை பார்ப்பவர் வேறு ஊரில் குடியிருந்தாலும் அவருடைய சம்பளத்தில் வரி வாங்கலாம். அப்படியிருக்க, இவ்வளவு சிறிய ஊர் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுத்ததில் வியப்பில்லை. என் மேசைக்கு அப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் என்னையும் கையெழுத்துப் போடத்தான் சொல்லியிருப்பார்கள்.

பெட்ரோல் பங்கில் கேலன் மூன்றரை டாலருக்குச் சற்றுக் குறைவு. பணம் வாங்கிய அம்மையாரிடம் மால் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் வெளியே வந்து, கையை நீட்டி ஒரு அரைவட்டம் போட்டார்: இந்தப் பக்கம் சியர்ஸ் அங்காடி, அதோ அந்த விளக்குக் கம்பம் வரை கார் நிறுத்தம், தான் பள்ளியில் படிக்கும்போது சனிக்கிழமைகளில் வேலை பார்த்த செருப்புக் கடை இரண்டாவது தளத்தில். பண்டிகை நாட்களில் காரை நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், சியர்ஸ் அந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்று திருத்தினார். இருவரும் அதைப் பற்றி வாதிடத் தொடங்கியதும் நாங்கள் நழுவினோம்.

மாலின் சாவு பற்றி நான் இந்தியாவில் கேட்டதெல்லாம் இணைய வணிகம் வந்து கொன்றுவிட்டது என்பதுதான். கணக்கு அப்படி வரவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ராண்டல் பார்க் அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது. மாலின் பலம் அதன் மூலைகளில் நிற்கும் பெரிய அங்காடிகளில் இருக்கிறது. சின்னக் கடைக்காரர்களின் வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், பெரிய அங்காடி வெளியேறினால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது தாங்களும் காலி செய்யலாம் என்று ஒரு விதி இருக்கும். ஆகவே ஒன்று போனால் நடைகூடத்தின் ஒரு பக்கமே இருண்டுவிடுகிறது. அங்காடி நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே போனதால், ஒரே மாலில் இரண்டு கிளை எதற்கு என்று மூடிய இடங்களும் உண்டு. ராண்டல் பார்க் 2009இல் மூடப்பட்டது; 2014 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள்; 2018இல் இங்கேயும் அமேசான் கிடங்கு வந்தது.

அக்ரனுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். உலகத்தின் ரப்பர் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர். டயர் தயாரிப்பு வெளியேறிய பிறகும் தெருப் பெயர்களிலும் கட்டட முகப்புகளிலும் டயர் நிறுவனங்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1975இல் திறந்து 2008இல் மூடப்பட்ட ரோலிங் ஏக்கர்ஸ் மால், கூரைக் கண்ணாடி உடைந்து, நகரும் படிக்கட்டுகளின் மேல் பனி பொழிந்து கிடந்த படங்களால் மூடிய பிறகே உலகப் புகழ் பெற்றது. கைவிடப்பட்ட மால்களைத் தேடிப் படம்பிடிப்போருக்கெல்லாம் அந்தப் பனிப் படம்தான் இலக்கணம். 2016இல் இடிப்பு தொடங்கியது. வரைபடச் செயலி எங்களைப் பழைய பெயரிலேயே அழைத்துச் சென்று, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அறிவித்த இடம் 2020இல் திறந்த கிடங்கின் ஊழியர் நுழைவாயில். காவலர் கண்ணாடியைத் தட்டினார். மாலைப் பார்க்க வந்தோம் என்று தம்பி சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள் என்று சொல்லி, வண்டியைத் திருப்ப வசதியாகத் தடுப்புக் கம்பியை உயர்த்தினார்.

விடுதி தொண்ணூற்று நான்கு டாலர். வெந்நீர் வரவில்லை.

2023 அக்டோபர் 13, வெள்ளி: யங்ஸ்டவுன்

இந்த ஊரில் இறங்கியதற்குக் காரணம் ஒரு மனிதர். எட்வர்ட் டிபார்டோலோ இங்கே பிறந்து, இங்கிருந்தபடியே அமெரிக்கா எங்கும் மால்களைக் கட்டியவர். ராண்டல் பார்க், செஞ்சுரி த்ரீ இரண்டும் அவருடைய நிறுவனத்தின் கைவரிசை. ஆனால் யங்ஸ்டவுனை மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பது வேறு ஒன்றுக்காக. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை, கேம்ப்பெல் உருக்காலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வேலை இழந்தனர். அதன் பின் சில ஆண்டுகளில் இந்த ஊர் இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பிற ஆலைகளும் வரிசையாக மூடின.

ஆண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ராண்டல் பார்க் 1976, யூக்ளிட் 1977, செஞ்சுரி த்ரீ 1979. உருக்குத் தொழிலாளியின் நல்ல சம்பளத்தை நம்பித் திட்டம் போட்டு, கடன் வாங்கி, அஸ்திவாரம் தோண்டி, கூரை போட்டு முடிப்பதற்குள் அந்தச் சம்பளமே கிளம்பிப் போகத் தொடங்கிவிட்டது. வாங்குவோர் பெருகாத ஊர்களில் சதுர அடிகள் மட்டும் பெருகின. ஒரு புது மால் பழைய மாலின் கூட்டத்தைத்தான் பிடுங்கியது. அடுத்து வந்த நெடுஞ்சாலையோரப் பெருங்கடைகள் அந்தக் கூட்டத்தையும் பிடுங்கின. இணையம் வந்தபோது பாதிச் சாவு முடிந்திருந்தது.

இந்த ஊருக்கு வந்தால் பிரையர் ஹில் பீட்சா சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். உருக்காலையை ஒட்டிய இத்தாலியர் குடியிருப்பில் பிறந்த பண்டம். கெட்டியான தக்காளிச் சாந்து, குடைமிளகாய், மேலே துருவிய ரோமானோ பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். வழக்கமாக மேலே இழுபடும் மொஸரெல்லா இதில் கிடையாது. ஏழைவீட்டுச் சமையல் என்பது முதல் கடியிலேயே தெரிகிறது. புளிப்பும் உப்பும் தூக்கலாக, இறைச்சி எதுவும் இல்லாமல், ஒன்பது டாலருக்கு இருவருக்கும் போதுமானதாக இருந்தது. கடைக்காரர் எங்கள் மேசைக்கு வந்து நின்று, காரத்துக்கு எண்ணெயில் ஊறிய மிளகாய் வேண்டுமா என்று கேட்டு, நாங்கள் அதைக் காலி செய்த வேகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

2023 அக்டோபர் 14, சனி: வெஸ்ட் மிஃப்லின்

மகாளய அமாவாசை. மதியம் இங்கே பகுதிச் சூரிய கிரகணம் வேறு. ஆனால் காலையிலிருந்தே மேகம் மூடித் தூறிக்கொண்டிருந்ததால் சூரியன் இருக்கும் திசையே தெரியவில்லை. இரவு தங்கியது மொனோங்ககீலா ஆற்றங்கரையில், ஹோம்ஸ்டெட் உருக்காலை இருந்த நிலத்தருகே. 1986இல் மூடிய அந்த ஆலையின் இடத்தில் 1999இல் தி வாட்டர்ஃபிரண்ட் என்ற திறந்தவெளிக் கடைத்தொகுதி வந்தது. பழைய செங்கல் புகைபோக்கிகள் பன்னிரண்டை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். சினிமா அரங்கின் கார் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவை நிற்கின்றன. ஆலை போன இடத்தில் வந்த இந்தக் கடைகள், சில மைல் தள்ளியிருந்த செஞ்சுரி த்ரீயின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டதும் கதையின் ஒரு பகுதி.

51ஆம் எண் சாலையிலிருந்து மேட்டில் ஏறும்போதே மால் தெரிந்துவிட்டது. மேடு என்பது இயற்கையான குன்று அன்று. இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசட்டை, யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தண்டவாளத்தில் கொண்டுவந்து கொட்டியதால் உண்டான மலை அது. பிரௌன்ஸ் டம்ப் என்று அதற்குப் பெயர். அந்தக் கசட்டு மலையின் தலையைச் சமன் செய்து, 1979 அக்டோபரில், மூன்று தளங்களும் சுமார் இருநூறு கடைகளுமாக மாலைத் திறந்தார்கள். அமெரிக்கா தன் மூன்றாவது நூற்றாண்டில் நுழைந்ததைக் கொண்டாடும் பெயர்.

எங்கும் "அத்துமீறி நுழையாதீர்" பலகைகள். உள்ளே போவது சட்டப்படி குற்றம், அதோடு முட்டாள்தனமும்கூட. இந்த ஆண்டு தீவிபத்து நடந்திருக்கிறது, ஜூனில் கூரைமேல் ஏறிய சிறுவன் ஒருவன் உள்ளே விழுந்து அடிபட்டிருக்கிறான். காளான் பூத்த மரப்பலகையும் துருவேறிய உத்தரமும் எவ்வளவு எடை தாங்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால், தம்பி பறவை பார்க்க வைத்திருக்கும் தொலைநோக்கியோடு சுற்றுச்சாலையில் நின்றே பார்த்தேன். அதில் தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

பெயர்ப்பலகை எழுத்துகளைக் கழற்றிச் சென்ற பின்னும், அவை மறைத்திருந்த சுவர் வெயில்படாமல் வெளிறாதிருந்ததால், ஒவ்வோர் எழுத்தும் கருநிழலாக அங்கேயே இருந்தது. எழுத்துகளைத் தாங்கிய ஆணித் துளைகளிலிருந்து துரு வழிந்து நீளக் கோடுகளாக இறங்கியிருந்தது. காஃப்மன்ஸ் என்ற உள்ளூர் அங்காடி பிறகு மேசிஸ் ஆகி 2016இல் போனது; சியர்ஸ் அதற்கு முன்பே, 2014இல். 2019 பிப்ரவரியில், வெப்பமூட்டும் வசதி இல்லாத நிலையில் நடுவளாகத்தை மூடினார்கள். 2020இல் ஜேசிபென்னி என்ற கடைசி அங்காடியும் வெளியேறியது. குளிர்நாட்டில் ஒரு கட்டடத்தைக் கொல்ல இடி மின்னல் தேவையில்லை; சூட்டை நிறுத்தினால் குழாய் நீர் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கச் செய்கிறது, பனி உருகும்போது கூரையின் வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய தண்ணீர் ஓட்டையைத் தேடிக்கொள்கிறது. நம் ஊரில் அரசமரக் கன்று செய்யும் வேலையை இங்கே உறைபனி செய்கிறது.

சாலையோரத் தார் வெடித்த இடத்தில் கசடு வெளியே தெரிந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். சாம்பல் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பார்வைக்குத் தோன்றியதைவிட இலேசு. ஒரு பக்கம் முழுக்கக் குமிழித் துளைகள். மறுபக்கம் கண்ணாடியைப் போல வழவழப்பு, அதில் பச்சை கலந்த நீல ரேகை ஒன்று. இரும்பாக முடியாமல் ஒதுக்கப்பட்டது என்று பார்த்தால் இரக்கம் வரலாம். ஆனால் அதன் தலைமேல் ஏறிய பளிங்கும் செயற்கை நீரூற்றும் நாற்பது ஆண்டுதான் தாக்குப்பிடித்தன.

திரும்பி வந்தால் வண்டியின் பின்சக்கரம் தரையோடு ஒட்டியிருந்தது. திருகாணி ஒன்று ஏறியிருந்தது. மாற்றுச் சக்கரமும் காற்று குறைந்து கிடந்தது. தூறல் மழையாகிக்கொண்டிருந்தபோது நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர், எதுவும் கேட்காமல் திரும்பிப் போய், தன் பிக்கப் வண்டியில் காற்றடிக்கும் இயந்திரத்தோடு வந்தார். சிறுவனாக இருந்தபோது அப்பா தன்னை இரவில் இங்கே காரில் கூட்டிவருவாராம். உருகிய கசட்டைச் சுமந்து வந்த ரயில் பெட்டிகள் கவிழும்போது மலைச்சரிவில் நெருப்பு ஆறாக இறங்கும், வானமே செம்மஞ்சளாகும், வரிசையாகக் கார்கள் நிற்கும், அதுதான் எங்களுக்குச் சினிமா என்றார். இந்த மால் கட்டும்போது தன் அண்ணன் இங்கே மின்வேலை செய்தார் என்றும் சொன்னார். எதைப் பார்க்கப் பிடித்திருந்தது, நெருப்பா மாலா என்று கேட்டேன். "நெருப்பு இலவசம்" என்றார். பணம் வாங்க மறுத்தார். பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்ததும் அங்கேயே ஒன்றைக் கடித்துப் பார்த்து, நாய்க்கும் அரைத்துண்டு கொடுத்தார். சக்கரக் கடையில் ஒட்டுப்போட இருபத்தைந்து டாலர் ஆயிற்று.

2023 அக்டோபர் 15, ஞாயிறு: பென் ஹில்ஸ்

நவராத்திரி முதல் நாள். 1976இல் எழுந்த பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில் மரங்கள் சிவந்திருந்த சரிவில் வெள்ளையாக நிற்கிறது. போகும் வழியில் மன்ரோவில் மாலுக்குள் கொஞ்சம் நடந்தோம். 1969இல் திறந்தது, நாங்கள் போனபோதும் திறந்தே இருந்தது, நடைப்பிணங்கள் பற்றிய புகழ்பெற்ற திகில் படம் ஒன்றை இரவுகளில் இங்கேதான் எடுத்தார்கள். நாங்கள் போன வேளையில் நடைகூடத்தில் விற்பனையாளர்களே அதிகம்.

கோயில் உணவுக்கூடத்தில் எதிரில் உட்கார்ந்தவர் கும்பகோணத்துக்காரர், 1970களில் பொறியாளராக வந்து இங்கேயே ஓய்வுபெற்றவர். செஞ்சுரி த்ரீயைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார்.

"முதல் பனிக்கோட்டு அங்கேதான் வாங்கினேன் அம்மா, கிம்பெல்ஸ் கடையில். திறந்த புதிதில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா சுற்றப் போவோம். ஜனவரியில் இந்த ஊரில் கோட்டு இல்லாமல் ஒரு மைல் நடக்க வேறு எங்கே இடம்?"

"இடிக்கப்போகிறார்களே, வருத்தம் இல்லையா ஸார்?" என்றான் தம்பி.

"கடை மூடினால் அடுத்த கடைக்குப் போவோம். ஹோம்ஸ்டெட் ஆலை மூடியபோது என் தெருவில் நாலு வீடு விற்பனைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லை."

அந்த நிலத்தில் அடுத்து என்ன வரலாம் என்று நான் கேட்டேன். வீடும் கடையும் கலந்து வரட்டும், ஒரே ஆளிடம் மட்டும் மறுபடி கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் நகரமைப்பாளராக என் விருப்பம். யூக்ளிட் வழக்கின் தீர்ப்பு கற்பித்த ஒற்றைப் பயன்பாட்டு வழக்கத்திலிருந்து இந்த ஊர்கள் வெளியே வர எவ்வளவோ தடவை வாய்ப்புக் கிடைத்தும் வரவில்லை. பித்தளை ஆலை, மால், கிடங்கு. பந்தயத் திடல், மால், கிடங்கு. கோவையிலும் மில் நிலங்கள் கடைகளாகிவரும் இந்த நாளில், நம்மவர்கள் இந்தச் சாலையில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்க்கலாம். அவரோ, மேடு வழுக்கும், பனிக்காலத்தில் லாரி ஏறாது, அதனால் கிடங்கு வராது என்று பொறியாளராகப் பதில் சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தில் மும்முரமானார். (இதைத் தட்டச்சு செய்து பதிவிடுவதற்குள் இடிக்கும் வேலை தொடங்கிவிட்டது, 2024இல்.)

இரண்டு பொட்டலம் புளியோதரை வழிக்கு வாங்கிக்கொண்டோம். கொலம்பஸுக்கு மேற்கு வர்ஜீனியாவின் முனையைக் கடந்து, வீலிங் வழியாக மூன்று மணி நேரம். ஒட்டுப்போட்ட சக்கரம் வீடு வரை தாங்கியது.